‘விஷமம்’ என்றால் குறும்பு அல்ல

ஆனி மாதச் சாரல். குற்றாலத்தில் அருவி விழுகிறதோ இல்லையோ, தென்காசியில் துணி காயாது. அப்படி ஒரு காலையில், குடிநோய் சிகிச்சை மையத்தில் வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்த நர்ஸ் தங்கச்சி போன் செய்தாள்.

“அண்ணாச்சி, ராத்திரி ஒரு மலையாளத்து ஆளு அட்மிஷன் ஆயிருக்காரு. என்ன சொல்லுதாருன்னே புடிபடல. டூட்டி டாக்டர் ரவுண்ட்ஸ் வாரதுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.”

போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் மைத்துனர் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கி, கம்பியே கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு பேண்டேஜ் சுருள். கையைக் கட்டிவைக்க எடுத்து வைத்ததாம். ஏன் என்று கேட்டதற்குக் கேஸ் ஷீட்டைக் காட்டினாள். முதல் வரி: “விஷமம் செய்வதாகத் தானே கூறுகிறார்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அந்த மனுசன் சொன்னது “எனிக்கு பயங்கர விஷமமுண்டு” என்று. மலையாளத்தில் விஷமம் என்றால் துக்கம், மனசு தாங்காத கஷ்டம். நமக்கு விஷமம் என்றால் வெண்ணெய் திருடிய கிருஷ்ணன் செய்தது. துக்கம் தாங்கவில்லை என்று அழுத ஒருவரை, சேட்டை செய்கிறவர் என்று எழுதிக் கட்டிப்போட இருந்தார்கள். அந்த மையத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஆள் பதினெட்டு கட்டிலைப் பார்த்தால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

நான் டாக்டரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. முன்னாள் லாரி டிரைவர். முன்னாள் குடிகாரன் என்று சொல்ல மாட்டேன். குடிநோயாளி, குடிக்காமல் இருக்கிற குடிநோயாளி. 2011-க்குப் பிறகு தொடவில்லை. பெயர் போடவில்லை, எங்கள் குடிநோயாளிக் கூட்டங்களின் வழக்கம் அது. எனக்கு மலையாளம் வரும் என்பதால் இப்படி அவ்வப்போது கூப்பிடுவார்கள். சம்பளம் ஒரு டீ.

*

தென்காசிக்காரனுக்கு மலையாளம் வருவது அதிசயமில்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. பெண் எடுப்பது, கொடுப்பது, வியாபாரம், வைத்தியம் எல்லாம் மலைக்கு ரெண்டு பக்கமும் நடக்கும். பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றுகிற கத்தரிக்காயும் வெங்காயமும் புளியரை வளைவில் ஏறி, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்குப் போகும். அந்த லோடுதான் நான் இருபது வருஷம் அடித்தது. மொழி தெரியாதவர்கள் சண்டை போடுவதை விட, மொழி பாதி தெரிந்தவர்கள் நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து அதிகம். தமிழும் மலையாளமும் அப்படிப்பட்ட பக்கத்து வீடுகள்.

அன்றைக்கே இன்னும் மூன்று வார்த்தைகள் மாட்டின. “டாக்டரோடு சம்சாரிக்கணும்” என்று ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறார். பேச வேண்டும் என்று அர்த்தம். வார்டில் இருந்தவர்கள், சம்சாரத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று வீட்டு நம்பரைத் தேடியிருக்கிறார்கள். “ஒரு அவசரம் தரணும்” என்றாராம். ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்கிறார். இவர்கள் பெட்பேன் கொண்டு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதைச் சிரிக்க முடியவில்லை.

ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், “வெறுதே.” படிவத்தில் எழுதியிருந்தது: ‘வாழ்க்கை வெறுப்பினால்.’ தற்கொலை எண்ணம் உண்டா என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. மலையாளத்து ‘வெறுதே’யில் வெறுப்பு எதுவும் இல்லை. நம்முடைய ‘சும்மா’தான் அது. சும்மா குடித்தேன் என்கிறார்.

நர்ஸ் தங்கச்சி கேள்விக்குறியை அழிக்கப் போனாள். “அழிக்காத, இரு” என்றேன். ஏனென்றால் அந்தச் ‘சும்மா’ எனக்குத் தெரியும். இருபது வருஷம் நானும் சும்மாதான் குடித்தேன். குடிக்கிறவன் சொல்கிற பொய்களில் பழசு இது. கட்டிலில் உட்கார்ந்து, மலையாளத்தில், நான் எப்படி விழுந்தேன் என்று என் கதையைக் கொஞ்சம் சொன்னேன். கால் மணி நேரத்தில் அவருடைய ‘வெறுதே’ உடைந்தது. உள்ளே இருந்தது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். டாக்டரிடம் அவரே சொல்லட்டும் என்று சொல்லி, கூட நின்றேன். பென்சில் கேள்விக்குறி வேறு காரணத்துக்காகப் பேனாவில் ஏறியது.

இரண்டு மொழியில் சிகிச்சை என்றால் போர்டை ரெண்டு மொழியில் எழுதுவது, மாத்திரை நேரத்தைச் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மருந்துச் சீட்டை மொழிபெயர்க்க ஒரு செல்போன் போதும். குடிநோயில் சிகிச்சையின் பாதி, நோயாளி சொல்லும் பொய்யைப் பொய் என்று அடையாளம் காண்பது. அதற்கு அந்த மொழியில் பொய் சொல்லிப் பழகியவன் வேண்டும்.

*

என் விஷயத்தையே பாருங்கள். 2009 கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டேன். ஐயப்பனுக்கு 41 நாள் விரதம். அதற்கு முந்தின ராத்திரி வரை தினம் ஒரு ஆஃப் ஓடிக்கொண்டிருந்தது. மாலை போட்ட மறுநாள் ராத்திரி பூஜையில், சரண கோஷத்துக்கு நடுவில், கையும் காலும் வெட்டி விழுந்தேன். “சாமி வந்துட்டு” என்று சுற்றி நின்று கற்பூரம் காட்டினார்களாம். குருசாமிதான் வாயில் நுரையைப் பார்த்து, “ஏல, இது சாமி இல்ல, வண்டியக் கூப்பிடு” என்று கத்தியிருக்கிறார்.

தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையும் தாண்டி மூன்றாம் நாள், நாலாம் நாள் சிலருக்கு மாயத்தோற்றம் வரும். சுவரில் எறும்பு ஊரும், செத்துப்போன அப்பா வாசலில் நிற்பார். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். டையசிபாம் போன்ற மாத்திரையை அளவாகக் கொடுத்து, அளவாகக் குறைத்து, கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்று நம் ஆட்கள் கெஞ்சுவார்கள். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. விரதத்தைக் குறை சொல்லவில்லை. மாலை போடுகிற தினக்குடிகாரர் யாராக இருந்தாலும் முந்தின வாரமே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

நாற்பத்தொரு நாளை முடித்தேன். மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றி, நாற்பத்திரண்டாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போனேன்.

அடுத்த வருஷம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தேன். அங்கே நல்ல கவனிப்பு. கவுன்சிலர் அம்மா தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். நான் தினம் அரை மணி நேரம் அழகாகப் பதில் சொன்னேன். என் மலையாளம் சந்தை மலையாளம். அதில் விலை பேசலாம், போலீஸ்காரரிடம் கெஞ்சலாம், டீ சொல்லலாம். அம்மாவைத் தள்ளிவிட்ட ராத்திரியை அதில் சொல்ல எனக்கு வார்த்தையே கிடையாது. வார்த்தை இல்லாததால் சொல்லவில்லை, சொல்லாததால் அழவில்லை. ‘ஒத்துழைப்பு மிக நன்று’ என்று எழுதி அனுப்பினார்கள். புளியரை செக்போஸ்ட் தாண்டுவதற்குள் குடித்துவிட்டேன்.

அண்ணன்மார் என்னைக் குற்றாலம் பேரருவியில் கொண்டு நிறுத்தியதும் நடந்தது. அருவித் தண்ணி தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்பது இந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அதிகாலையில் இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, ஒரு மணி நேரம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பசித்தது.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் பேசியதைக் கேட்டேன். “பொண்டாட்டி மூக்குத்திய அடகு வச்சுக் குடிச்சேன். திருப்பித் தாரேன்னு சொல்லி அவ தோட்டையும் வாங்கிட்டுப் போனேன்” என்று ஊர்ப் பேச்சில் சொன்னார். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, அதுவும் தமிழில்.

*

அந்த வகுப்பறையில் நடந்தது ஏ.ஏ. கூட்டம். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஏக்ரனில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது. ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் டாக்டர். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. ஒருவன் தன் கதையைச் சொல்ல, இன்னொருவன் கேட்பது மட்டுமே வைத்தியம். அப்படியென்றால் மொழிதான் அங்கே மருந்து. அமெரிக்காவில் ஸ்பானிஷைப் பூர்வீக மொழியாகக் கொண்ட சமூகத்தார் ஆறு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். ஆங்கிலக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்கென்று ஸ்பானிஷ் கூட்டங்களை நடத்தினார்கள். 1996-லிருந்து ‘லா வின்யா’ என்று அவர்கள் மொழியிலேயே பத்திரிகையும் வருகிறது.

அங்கேயும் ஒரு ‘விஷமம்’ நடந்திருக்கிறது. 1980, ஃபுளோரிடா. கியூபக் குடும்பத்துப் பையன், வயது 18, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வீட்டார் ‘இன்டாக்ஸிகாதோ’ என்கிறார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பேச்சில் அர்த்தம். டாக்டர் காதில் ‘இன்டாக்ஸிகேட்டட்’, போதை என்று விழுகிறது. போதை மருந்து அளவு மீறிவிட்டது என்று சிகிச்சை நடக்கிறது. உண்மையில் அவன் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கையும் காலும் விழுந்துவிட்டன. சுமார் 7 கோடி டாலர் நஷ்டஈடு வரை போனது வழக்கு. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் இரண்டு மொழியிலும் ஒரே முகத்தோடு இருக்கும் வார்த்தை.

அவர்கள் ‘நெர்வியோஸ்’ என்பார்கள். நரம்புகள். கவலை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர். இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் ‘நரம்புத் தளர்ச்சி’ ஞாபகம் வந்தது. குடிக்கிறவனின் காலை நேரக் கைநடுக்கத்துக்கு நம் வீடுகளில் இதுதான் பெயர். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டால் மானம் போகாது. லேகியம் வாங்கலாம், லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரைப் பார்க்கலாம். என் மாமனார் என்னை அப்படி இரண்டு லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். இரண்டு இடத்திலும் ‘குடிப்பீங்களா’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லேகியம் விற்காது.

*

எவ்வளவு குடிப்பீர்கள் என்ற கேள்வியும் லேசானதில்லை. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு, ‘ஆடிட்’ என்பார்கள். அதில் மூன்றாவது கேள்வி: ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறீர்கள்? ஓர் அளவு என்பது சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் ஊரில் யார் அளவு கணக்கில் குடிக்கிறார்கள்? கட்டிங், குவாட்டர், ஆஃப், ஃபுல். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 60 கிராம் வருகிறது, அதாவது ஆறு அளவு. “குவாட்டர்தான் சார், ஜாஸ்தி இல்ல” என்று நாம் வெட்கமில்லாமல் சொல்வதுதான் அந்தப் படிவத்தில் அளவுமீறலுக்குப் போட்ட கோடு. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டேன்.

மலையாளத்தார் “ரண்டெண்ணம்” என்பார்கள். ரெண்டு. எதில் ரெண்டு? பெக்கா, குப்பியா? அது கேட்கிறவர் சாமர்த்தியம். “வெள்ளமடிச்சோ?” என்று அவர்கள் கேட்பது நம் ‘தண்ணியடிச்சியா’வின் அச்சு. குடிகாரனுக்குத் தண்ணீர் மேல் என்ன கோபமோ, ரெண்டு மொழியிலும் அதையே போட்டு அடிக்கிறான்.

2019-ல் வெளியான மத்திய அரசின் நாடு தழுவிய ஆய்வு, எய்ம்ஸ் நடத்தியது, ஒரு விஷயம் சொல்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சொந்த மொழி பேசும் ஊரிலேயே நிலைமை இது. மொழி தெரியாத ஊரில் பிழைக்க வந்தவர் கதை எப்படி இருக்கும்?

சீசனில் குற்றாலத்து ஓட்டல்களில் பரோட்டா வீசுகிற பையன்களைப் பாருங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார். எனக்கு இந்தி வராது. ஒருநாள் அப்படி ஒரு பையன், இருபத்திரண்டு வயதுதான், நடுக்கத்தோடு என்னிடம் வந்தான். அவனுக்காகப் பேச வந்தது அவன் அண்ணன் மகள். இங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, தமிழ் கணீரென்று பேசினாள். “சித்தப்பா கொஞ்சமாதான் குடிப்பாங்க” என்றாள். அவன் சொன்ன நீளத்துக்கும் அவள் சொன்ன நீளத்துக்கும் பொருத்தமே இல்லை. பாதியைத் தனக்குள் வைத்துக்கொண்டாள். பதினோரு வயதுப் பிள்ளையின் வாயில் இதையெல்லாம் போடக்கூடாது என்று பட்டது, நிறுத்திவிட்டேன். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வைக்கக்கூடாது, உயிர் போகிற அவசரம் தவிர, என்று 2016-லேயே விதி போட்டிருக்கிறார்கள். நம் சட்டத்திலும் வாசல் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே சேர்த்திருக்கிறது. சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும்போது அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கியிருக்க வேண்டும் என்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைத்தால் அந்த வரி எவ்வளவு தாமதம் என்று தெரியும்.

அந்தப் பையனுக்கு 14416 போட்டுக் கொடுத்தேன். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது. எந்த நேரமும் இலவசம். தமிழ், மலையாளம், இந்தி உட்பட 20 மொழிகளில் பேசலாம். போதைக்கென்றே 14446 என்று தனி எண்ணும் உண்டு. ஓட்டல் பின்கட்டில், மாவு ஒட்டிய கையோடு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் இந்தியில் பேச ஆரம்பித்ததும் தோள் இறங்கியது. பத்து நிமிஷம் பேசினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. போன் ஊசி போடாது, பக்கத்தில் உட்காராது, ஆனாலும் அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தான்.

சென்னையில் 1980-ல் குடிநோய்க்கென்று டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அந்த மருத்துவமனைக்காரர்கள் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, கோயிலும் களத்துமேடும் உள்ள ஊர்ப் பேச்சில் சிகிச்சை கொடுத்த கதையை எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்குப் போய் ஊர் மொழியில் பேசலாம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. தென்காசி மாதிரி எல்லை மாவட்டத்துக்கு, 2019-ல் தனி மாவட்டமான பிறகாவது, மையத்துக்கு ஒருவர் என்று மலையாளமும் இந்தியும் தெரிந்த ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்கலாம். டீ போதும் என்று என்னைப் போன்றவர்கள் சொல்வோம், அதை நம்பக்கூடாது. எனக்கும் முட்டி வலிக்கிறது.

ரப்பர்காரர் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். இடையில் ஒருநாள் எங்கள் கூட்டத்துக்குக் கூட்டிவந்தேன். அதே சின்ன பெஞ்ச். அவர் மலையாளத்தில் பேசினார். கேட்ட ஒன்பது பேரில் நாலு பேருக்குப் பாதி புரிந்திருக்கும். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது கண்டக்டர் கையமர்த்தினார், “அவர் பேசட்டும்டே.” ரப்பர் பால் எடுக்கும் கத்தியை அடகு வைத்த இடம் வந்தபோது ஒன்பது பேரும் சரியான இடத்தில் சிரித்தார்கள்.

போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார். நேற்று ராத்திரி போன் வந்தது. அங்கே நல்ல மழை, ஓட்டில் விழும் சத்தம் கேட்டது.

“அண்ணா, இன்னு நாற்பத்தொண்ணு.”

எனக்குப் பழைய மாலை ஞாபகம். “நாளைக்கு?” என்றேன்.

என்னமோ சொன்னார். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. “கேட்கலை, திரும்பப் பற” என்றேன்.

“நாளெ நாற்பத்திரண்டு” என்று கத்தினார்.